விண்டோஸ் கணினியில் லினக்ஸ் டெஸ்க்டாப்பை விர்ச்சுவல் மெஷினாக ஓட்டுவது: முழுமையான வழிகாட்டி

புதியவர்கள் பலருக்கு விர்ச்சுவல் மெஷின் (சுருக்கமாக விஎம், விண்டோஸுக்குள் ஒரு ஜன்னலில் ஓடும் இன்னொரு கணினி) அமைக்க உதவியதில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. லினக்ஸ் நிறுவும்போது யாரும் பெரிதாகத் தடுமாறுவதில்லை. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டதுதான் பிறகு மெதுவாக ஓடுவது, கறுப்புத் திரை, சின்ன ஜன்னல் என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகிறது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

இந்த வழிகாட்டி விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும், இன்டெல் அல்லது ஏஎம்டி சிப் உள்ள 64 பிட் கணினிகளுக்கானது. ஸ்னாப்டிராகன் போன்ற ஏஆர்எம் சிப் உள்ள மடிக்கணினி என்றால் வழி வேறு. அங்கே வழக்கமான ஐஎஸ்ஓ கோப்பு (லினக்ஸை நிறுவ இறக்கும் கோப்பு) வேலை செய்யாது, ஏஆர்எம்முக்கென்று தயாரித்த லினக்ஸ்தான் வேண்டும்.

1. கணினி தாங்குமா என்று பாருங்கள்

விர்ச்சுவல் மெஷினுக்கு நீங்கள் ஒதுக்கும் ரேம், அது ஓடும் நேரம் முழுக்க விண்டோஸின் கணக்கிலிருந்து கழிகிறது. 8 ஜிபி உள்ள கணினியில் 4 ஜிபியை லினக்ஸுக்குக் கொடுத்தால், மீதி 4 ஜிபியில் விண்டோஸ் திணறிக்கொண்டுதான் ஓடும். பிரவுசரை மூடிவிட்டு வேலை செய்யலாம், அவ்வளவுதான். 16 ஜிபி இருந்தால் நிம்மதி.

டிஸ்க் எஸ்எஸ்டியாக இருக்கட்டும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு இயங்குதளங்கள் ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் போட்டி போடும். ரேமை எவ்வளவு கூட்டினாலும் அந்த மந்தம் போகாது. காலியிடம் 60 ஜிபியாவது வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சிப்பின் விர்ச்சுவலைசேஷன் வசதி, அதாவது விர்ச்சுவல் மெஷினை வேகமாக ஓட்ட சிப் தரும் உதவி. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கம், பிறகு 'சிபியு'. கீழே 'விர்ச்சுவலைசேஷன்' என்ற வரி இருக்கும். 'எனேபிள்ட்' என்று இருந்தால் நேராக 3-ஆம் படிக்குப் போங்கள்.

2. அணைந்திருந்தால் பயாஸில் இயக்குங்கள்

விண்டோஸ் தொடங்கும் முன் கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடம்தான் பயாஸ். அதற்குள் போவதற்கு முன் ஒரு வேலை. உங்கள் டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால், அதன் மீட்புச் சாவியை (48 இலக்க எண்) வேறு சாதனத்திலோ தாளிலோ குறித்துக்கொள்ளுங்கள். பயாஸில் ஒரு அமைப்பை மாற்றினால்கூட அடுத்த முறை கணினி அந்தச் சாவியைக் கேட்கலாம். அந்த நேரத்தில் தேட ஆரம்பித்தால் கணினிக்குள்ளேயே போக முடியாது.

சரி, இப்போது விண்டோஸ் செட்டிங்ஸில் 'சிஸ்டம்', 'ரெக்கவரி', 'அட்வான்ஸ்டு ஸ்டார்ட்டப்' வழியாக மறுதொடக்கம் செய்யுங்கள். விண்டோஸ் 10-இல் இது 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி' என்பதற்குள் இருக்கும். நீலத்திரையில் 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்' என்று போனால் பயாஸ் திறக்கும். தொடங்கும் அந்த ஒரு நொடியில் எந்த விசையை அழுத்துவது என்று மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

இன்டெல் கணினியில் 'இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' அல்லது 'விடி-எக்ஸ்' என்று தேடுங்கள். ஏஎம்டியில் இதன் பெயர் பெரும்பாலும் 'எஸ்விஎம் மோட்'. விர்ச்சுவலைசேஷன் என்ற சொல்லையே தேடி, எஸ்விஎம் கண்ணில் பட்டும் தாண்டிப் போய்விடுகிறவர்கள் நிறைய. இயக்கி, சேமித்து, வெளியே வந்து டாஸ்க் மேனேஜரில் மறுபடி சரிபாருங்கள்.

3. எந்த மென்பொருள் என்று இப்போதே முடிவெடுங்கள்

மூன்று வழிகள் உண்டு. விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ, விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ஹைப்பர்-வி. ஹைப்பர்-வி, விண்டோஸ் ஹோம் பதிப்பில் அதிகாரபூர்வமாகக் கிடையாது. ப்ரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் உண்டு. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ 2024 நவம்பர் முதல் எல்லோருக்கும் இலவசம்.

லினக்ஸ் கட்டளைகள் மட்டும் போதும் என்றால் இவை எதுவுமே வேண்டாம், விண்டோஸிலேயே லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போதும். முழு டெஸ்க்டாப்பும் தன் பேனல், செட்டிங்ஸ், லாகின் திரையோடு வேண்டும் என்பவர்களுக்குத்தான் விர்ச்சுவல் மெஷின்.

தேர்வைத் தீர்மானிக்க வேண்டியது ஒரு கேள்விதான்: உங்கள் விண்டோஸில் ஹைப்பர்-வியின் அடித்தளம் ஏற்கெனவே ஓடுகிறதா? ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்து, முதல் பக்கத்தின் கடைசி வரிகளைப் பாருங்கள். 'எ ஹைப்பர்வைசர் ஹேஸ் பீன் டிடெக்டட்' என்று இருந்தால் ஓடுகிறது. டபிள்யூஎஸ்எல் 2, டாக்கர் டெஸ்க்டாப், விண்டோஸ் சாண்ட்பாக்ஸ், 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு வசதி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இயங்கினாலே அது வந்துவிடும். நீங்கள் ஹைப்பர்-வியைத் தொட்டதே இல்லை என்றாலும் அது ஓடிக்கொண்டிருக்கலாம்.

இது ஏன் முக்கியம்? சிப்பின் விர்ச்சுவலைசேஷன் வசதியை ஹைப்பர்-வி முதலில் கைப்பற்றிக்கொள்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் அதற்குப் பின்னால் நின்று கேட்டு வாங்கிப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது, அதனால் வேகம் குறைகிறது. விஎம் ஓடும் ஜன்னலின் கீழ்ப்பட்டியில் ஒரு சின்னப் பச்சை ஆமை தெரிந்தால் விஷயம் இதுதான். லினக்ஸ் கனமானது என்று நினைத்துப் பலர் டிஸ்ட்ரோவை (மின்ட், உபுண்டு போன்ற லினக்ஸ் வகையை) மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். காரணம் லினக்ஸில் இல்லை.

என் யோசனை: டபிள்யூஎஸ்எல் 2 அல்லது டாக்கர் உங்கள் அன்றாட வேலைக்குத் தேவை என்றால், ஹைப்பர்-வியை அணைக்காதீர்கள். விஎம்வேர் அல்லது ஹைப்பர்-வியையே பயன்படுத்துங்கள். டபிள்யூஎஸ்எல் 2, டாக்கர் இரண்டும் தேவையில்லாதவர்கள் விர்ச்சுவல்பாக்ஸோடு போகலாம். 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' என்பதைத் திறந்து ஹைப்பர்-வி, 'விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம்', 'விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம்' மூன்றின் டிக்கையும் எடுத்துவிட்டு, கணினியை மறுதொடக்கம் செய்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் அந்த வரி போய்விட்டதா என்று பாருங்கள்.

அப்படியும் போகவில்லை என்றால் மீதமிருப்பது பெரும்பாலும் மெமரி இன்டெக்ரிட்டி. விண்டோஸ் செக்யூரிட்டியில் 'டிவைஸ் செக்யூரிட்டி', 'கோர் ஐசொலேஷன்' என்பதற்குள் அது இருக்கிறது. தீங்கான டிரைவர்கள் விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள் நுழையாமல் காக்கும் வசதி அது. அதை அணைப்பது உண்மையான இழப்பு. அலுவலகக் கணினியில் தொடவே வேண்டாம். சொந்தக் கணினியிலும், ஆமை வேகம் தாங்க முடியாவிட்டால் மட்டும்.

இனி வருவது விர்ச்சுவல்பாக்ஸை வைத்து. பொத்தான்களின் பெயர் மாறினாலும் மற்ற இரண்டிலும் வரிசை இதுவேதான்.

4. டிஸ்ட்ரோவை இறக்கி, கோப்பைச் சரிபாருங்கள்

முதல் முறை என்றால் லினக்ஸ் மின்ட்டைப் பரிந்துரைக்கிறேன். அதன் சினமன் டெஸ்க்டாப் விண்டோஸ் பழகியவர்களுக்கு உடனே பிடிபடும். அதைவிட முக்கியமாக, அது இயல்பாக எக்ஸ்-ஆர்க் என்ற பழைய காட்சி முறையில் ஓடுகிறது. திரை அளவு மாறுவது, காப்பி-பேஸ்ட் இரண்டு பக்கமும் போய் வருவது போன்றவை விர்ச்சுவல்பாக்ஸில் எக்ஸ்-ஆர்க்கோடு ஒத்துப்போகும் அளவுக்கு, வேலண்ட் என்ற புதிய காட்சி முறையோடு ஒத்துப்போவதில்லை. ரேம் குறைவு என்றால் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள்.

ஐஎஸ்ஓ கோப்பை டிஸ்ட்ரோவின் சொந்தத் தளத்திலிருந்தோ அது பட்டியலிடும் மிரர் (நகல்) தளங்களிலிருந்தோ மட்டும் இறக்குங்கள். இறக்கிய பிறகு கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 மதிப்பைக் கணக்கிட்டு, தளத்தில் கொடுத்திருக்கும் மதிப்போடு ஒப்பிடுங்கள். 7-ஜிப் நிறுவியிருந்தால், கோப்பின் மேல் வலது கிளிக் செய்து 'சிஆர்சி எஸ்எச்ஏ' மெனுவில் பெற்றுவிடலாம். கிட்டத்தட்ட 3 ஜிபி கோப்பு பாதியில் சிதைந்திருந்தாலும் நிறுவல் ஆரம்பிக்கும், நடுவில் புரியாத பிழையோடு நிற்கும். இரண்டு நிமிட ஒப்பீடு அந்த அலைச்சலைத் தவிர்க்கும்.

5. விர்ச்சுவல்பாக்ஸை நிறுவுங்கள்

விசுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் இல்லை என்று நிறுவி சொன்னால், அதை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து முதலில் போட்டுவிட்டு வாருங்கள். பைத்தான் இல்லை என்று சொன்னால் பொருட்படுத்த வேண்டாம். டெஸ்க்டாப் ஓட்ட அது தேவையில்லை. நிறுவும்போது இணையம் சில நொடிகள் துண்டிக்கப்படும், அதனால் எதையும் பதிவிறக்கிக்கொண்டே இதைச் செய்யாதீர்கள்.

எக்ஸ்டென்ஷன் பேக் என்று தனியாக ஒன்று இருக்கும். அதன் உரிமம் வேறு, வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டணம் உண்டு. நமக்கு இப்போது அது வேண்டாம்.

6. விர்ச்சுவல் மெஷினை உருவாக்குங்கள்

பொறுமையாகச் செய்ய வேண்டிய படி இது. 'நியூ' அழுத்தியதும் வரும் இயல்புநிலை மதிப்புகளை அப்படியே விட்டால் பல இடங்களில் மாட்டிக்கொள்வீர்கள்.

பெயர், இடம், ஐஎஸ்ஓ கோப்பு கேட்கும் முதல் பக்கத்தில், சேமிக்கும் ஃபோல்டர் ஒன்டிரைவ் போன்ற கிளவுட் சேவையோடு ஒத்திசைவதாக இருக்கக் கூடாது. விர்ச்சுவல் டிஸ்க் ஒரே பெரிய கோப்பு. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் கோப்பு மாறியதாகவே கணக்கு, உடனே பதிவேற்றத் தொடங்கிவிடும். வெளி டிரைவில் வைப்பதானால் அது என்டிஎஃப்எஸ் வடிவில் இருக்கட்டும். எஃப்ஏடி-32 வடிவம் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை ஏற்காது.

அதே பக்கத்தில் 'அன்அட்டெண்டட் இன்ஸ்டலேஷன்' என்ற சொற்கள் இருக்கும். நீங்கள் பார்க்காமலே விர்ச்சுவல்பாக்ஸ் தானாக லினக்ஸை நிறுவிவிடும் வசதி. அதைத் தவிர்த்துவிடுங்கள். உபுண்டு போன்றவற்றில் இந்த வழியில் போனவர்கள், தாங்கள் தேர்ந்தெடுக்காத பயனர்பெயரோடும், நிர்வாகி உரிமை இல்லாத கணக்கோடும் வெளியே வருகிறார்கள். ஒரு மென்பொருள்கூட நிறுவ முடியாது. டிக்பெட்டி சில பதிப்புகளில் 'ஸ்கிப்' என்று தொடங்கும், அங்கே டிக் போட வேண்டும். சிலவற்றில் 'ப்ரொசீட்' என்று தொடங்கும், அங்கே டிக்கை எடுக்க வேண்டும். வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

ரேம்: கணினியில் 8 ஜிபி இருந்தால் 4,096 எம்பி, 16 ஜிபி இருந்தால் 6,144 அல்லது 8,192. பாதிக்கு மேல் போகாதீர்கள். அளவுகோலின் பச்சைப் பகுதி பாதியைத் தாண்டியும் நீளும், அதை நம்பி இழுத்துவிடக் கூடாது. விண்டோஸுக்கு ரேம் போதாமல் போனால் அது டிஸ்க்கைப் பயன்படுத்த ஆரம்பிக்கும், அப்புறம் இரண்டுமே தவழும்.

சிபியு: இயல்பாக வரும் ஒன்றை இரண்டாக்குங்கள். எட்டு கோர் இருந்தால் நான்கு வரை தரலாம். உண்மையான கோர்களின் எண்ணிக்கையில் பாதி என்பது நல்ல எல்லை.

டிஸ்க்: 40 ஜிபி. முழு அளவையும் முன்கூட்டியே ஒதுக்கும் டிக்பெட்டியைக் காலியாக விடுங்கள். அப்போது கோப்பு சிறியதாகத் தொடங்கி, தேவைக்கேற்ப வளரும். ஆனால் லினக்ஸுக்குள் நீங்கள் கோப்புகளை அழித்தாலும் விண்டோஸ் பக்கத்தில் அது தானாகச் சுருங்காது.

உருவாக்கி முடித்த பிறகு, இயக்குவதற்கு முன் 'செட்டிங்ஸ்' திறந்து 'டிஸ்ப்ளே' பக்கத்துக்குப் போங்கள். புதிய பதிப்புகளில் அமைப்புகள் பாதி மறைந்திருந்தால், 'எக்ஸ்பர்ட்' என்பதற்கு மாற்றுங்கள். வீடியோ மெமரியை 128 எம்பி ஆக்குங்கள். குறைவாக விட்டால் பெரிய திரைக்கு மாற முயலும்போது காட்சி மறுக்கும். கிராஃபிக்ஸ் கண்ட்ரோலர் 'விஎம்எஸ்விஜிஏ' என்று இருக்கட்டும். 3டி ஆக்சிலரேஷனை இப்போது தொடாதீர்கள். சில கணினிகளில் அது கறுப்புத் திரை தரும். நிறுவி முடித்த பிறகு முயன்று பார்த்தால், பிரச்சினை எங்கிருந்து வந்தது என்று சந்தேகமே இருக்காது.

7. லினக்ஸை நிறுவுங்கள்

மெஷினை இயக்கியதும் மின்ட்டின் லைவ் டெஸ்க்டாப் வரும். இது இன்னும் நிறுவப்படவில்லை, ஐஎஸ்ஓவிலிருந்து ஓடுகிறது. இங்கே செய்யும் மாற்றங்கள் அணைத்ததும் போய்விடும். டெஸ்க்டாப்பில் உள்ள நிறுவும் ஐகானை இரட்டைக் கிளிக் செய்தால்தான் வேலை தொடங்குகிறது.

சில டிஸ்ட்ரோக்களில் ஜன்னல் மிகச் சிறிதாக வந்து, நிறுவியின் 'கன்டினியூ' பொத்தான் திரைக்குக் கீழே மறைந்துவிடும். விர்ச்சுவல்பாக்ஸின் 'வியூ' மெனுவில் 'விர்ச்சுவல் ஸ்க்ரீன் 1' என்பதற்குள் பெரிய அளவைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதுவும் எடுபடாவிட்டால் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு நிறுவியின் ஜன்னலை மவுஸால் மேலே இழுங்கள். சில டெஸ்க்டாப்புகளில் ஆல்ட்டுக்குப் பதில் விண்டோஸ் விசை.

நடுவில் ஒரு கேள்வி வரும்: டிஸ்க்கை முழுக்க அழித்து நிறுவலாமா? இங்கே எல்லோர் கையும் நின்றுவிடுகிறது. அழிக்கச் சொல்லுங்கள். விஎம்முக்குள் இருக்கும் லினக்ஸுக்கு உங்கள் விண்டோஸ் டிஸ்க் கண்ணிலேயே தெரியாது, நீங்கள் உருவாக்கிய 40 ஜிபி கோப்பு மட்டும்தான் தெரியும். உறுதி வேண்டுமென்றால் திரையில் காட்டும் டிஸ்க்கின் அளவைப் பாருங்கள். அது உங்கள் எஸ்எஸ்டியின் அளவாக இருக்காது.

முடிந்ததும் மறுதொடக்கம் கேட்கும். நிறுவும் தட்டை எடுத்துவிட்டு என்டர் அழுத்தச் சொல்லும்போது, வெறுமனே என்டர் போதும். மறுபடி லைவ் டெஸ்க்டாப்பே வந்தால் ஐஎஸ்ஓ இன்னும் செருகியபடி இருக்கிறது. மெஷினை அணைத்து, 'செட்டிங்ஸ்', 'ஸ்டோரேஜ்' வழியாக அதை நீக்குங்கள்.

8. முதலில் அப்டேட், பிறகு கெஸ்ட் அடிஷன்ஸ்

லினக்ஸுக்குள் போனதும் அப்டேட் மேனேஜரைத் திறந்து எல்லா அப்டேட்களையும் போட்டு, மறுதொடக்கம் செய்யுங்கள். திரை அளவு, காப்பி-பேஸ்ட், பகிரும் ஃபோல்டர் ஆகியவற்றுக்காக லினக்ஸுக்குள் போடும் கருவிகள்தான் கெஸ்ட் அடிஷன்ஸ். அது, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்கு ஏற்ப டிரைவர்களைக் கட்டுகிறது. அதைப் போட்டுவிட்டுக் கெர்னலை மாற்றினால், சில சமயம் மீண்டும் முதலிலிருந்து கட்ட வேண்டிவரும்.

இப்போது விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். உள்ளே டெஸ்க்டாப்பும் சேர்ந்து விரிந்தால், டிஸ்ட்ரோவே இந்தக் கருவிகளோடு வந்திருக்கிறது. மேலே எதுவும் நிறுவ வேண்டாம். டிஸ்ட்ரோவின் தொகுப்பையும் விர்ச்சுவல்பாக்ஸின் சிடியையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால், எது எதை மாற்றியது என்று தெரியாமல் காட்சி குழம்பும். இரண்டில் ஒன்றுதான்.

விரியவில்லை என்றால், உள்ளே சினாப்டிக் போன்ற தொகுப்பு மேலாளரைத் திறந்து டிரைவர்களைக் கட்டத் தேவையான ஜிசிசி, மேக், பேர்ல், ஓடும் கெர்னலுக்கான ஹெடர்கள் ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லாதவற்றை நிறுவுங்கள். பிறகு 'டிவைசஸ்' மெனுவில் 'இன்சர்ட் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடி இமேஜ்'. உள்ளே சிடி தோன்றும், அதை இயக்கிக் கடவுச்சொல் தாருங்கள். ஹெடர்கள் இல்லாமல் இயக்கினால் நிறுவல் முடிந்தது போலத் தோன்றும், ஆனால் திரை மாறாது. கடைசியில் மட்டும் பார்க்காமல் நடுவில் வரும் வரிகளையும் வாசியுங்கள். மறுதொடக்கம் கட்டாயம்.

9. காப்பி-பேஸ்ட், பகிரும் ஃபோல்டர்

'டிவைசஸ்' மெனுவில் 'ஷேர்டு கிளிப்போர்டு' என்பதை 'பைடைரக்ஷனல்' ஆக்கினால் உரை இரண்டு பக்கமும் போய் வரும். நம்பிக்கையில்லாத மென்பொருளைச் சோதிக்கத்தான் இந்த விஎம் என்றால் இதை இயக்காதீர்கள். விண்டோஸில் நீங்கள் காப்பி செய்யும் கடவுச்சொல் உள்ளேயும் தெரியும்.

கோப்புகளுக்கு 'ஷேர்டு ஃபோல்டர்ஸ்'. ஒரு விண்டோஸ் ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து, 'ஆட்டோ மவுண்ட்', 'மேக் பெர்மனன்ட்' இரண்டுக்கும் டிக் போடுங்கள். உள்ளே ஃபோல்டர் தெரியும், ஆனால் திறந்தால் அனுமதி இல்லை என்று வரும். காரணம், அதைத் திறக்கும் உரிமை 'விபாக்ஸ்-எஸ்எஃப்' என்ற குழுவினருக்கு மட்டும்தான். மின்ட்டில் 'யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்' திறந்து, உங்கள் கணக்கை அந்தக் குழுவில் சேருங்கள். லாக்-அவுட் செய்து திரும்ப வந்த பிறகுதான் அது செல்லுபடியாகும். இந்தக் கடைசிச் செயலை விட்டுவிட்டுத்தான் பலர் மணிக்கணக்கில் தேடுகிறார்கள்.

மவுஸோ கீபோர்டோ உள்ளே மாட்டிக்கொண்டால் வலப்பக்கக் கண்ட்ரோல் விசையை ஒரு முறை தட்டுங்கள், வெளியே வந்துவிடும்.

10. நெட்வொர்க்

இயல்பாக இருக்கும் 'நாட்' அமைப்பை அப்படியே விடுங்கள். உள்ளிருந்து இணையத்துக்குப் போக அது போதும். வெளியிலிருந்து யாரும் விஎம்மை நேரடியாக எட்ட முடியாது என்பது நல்லதுதான். உள்ளே ஒரு சர்வரை ஓட்டி வேறு கணினியிலிருந்து பார்க்க வேண்டும் என்றால் 'பிரிட்ஜ்டு' தேவைப்படும். வைஃபையில் அது சில சமயம் அடம்பிடிக்கும், கேபிளில் சிக்கல் குறைவு.

11. ஸ்னாப்ஷாட்டும் பேக்கப்பும் வேறு வேறு

எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தெரிந்ததும், லினக்ஸை முறையாக அணைத்துவிட்டு ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். ஓடும்போது எடுத்தால் ரேமில் இருப்பதும் சேர்ந்து சேமிக்கப்படும், இடம் கூடும். இனி எதைச் சோதித்துப் பார்த்துக் கெட்டாலும் இந்த நிலைக்குத் திரும்பிவிடலாம்.

ஆனால் ஸ்னாப்ஷாட்டில் இருப்பது மூல டிஸ்க் கோப்பிலிருந்து மாறிய பகுதி மட்டும்தான். மூலக் கோப்பு போனால் ஸ்னாப்ஷாட்டும் போயிற்று. இடம் பிடிக்கிறது என்று அந்த ஃபோல்டரில் உள்ள கோப்புகளை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் நீக்கினால், விஎம் மறுபடி திறக்காது. பழைய ஸ்னாப்ஷாட் வேண்டாம் என்றால் விர்ச்சுவல்பாக்ஸுக்குள்ளேயே நீக்குங்கள். அது மாற்றங்களைச் சரியாக இணைத்துவிட்டு அழிக்கும். இணைக்கும்போது தற்காலிகமாகக் கூடுதல் இடம் தேவைப்படும், எனவே டிஸ்க் முழுக்க நிரம்பும்வரை காத்திருக்காதீர்கள்.

உண்மையான பேக்கப்புக்கு 'ஃபைல்' மெனுவில் 'எக்ஸ்போர்ட் அப்ளையன்ஸ்'. முழு மெஷினும் ஒரே ஓவிஏ கோப்பாக வரும். அதை வேறு டிரைவில் வையுங்கள். புதிய கணினிக்கு மாறும்போதும் இதை இம்போர்ட் செய்தால் போதும்.

12. மூடும் விதம்

ஜன்னலின் மூடும் பொத்தானை அழுத்தினால் மூன்று தேர்வுகள் வரும். 'சேவ் தி மெஷின் ஸ்டேட்' இருந்த நிலையில் உறைய வைக்கும். 'சென்ட் தி ஷட்டவுன் சிக்னல்' லினக்ஸிடம் அணையச் சொல்லும். 'பவர் ஆஃப் தி மெஷின்' ஓடும் கணினியின் மின்சாரத்தைப் பிடுங்குவதற்குச் சமம், கோப்புகள் சிதையலாம். லினக்ஸ் உறைந்து எதற்கும் பதில் தராத நேரத்துக்கு மட்டும் அது.

விண்டோஸ் அப்டேட்டுக்காகக் கணினி மறுதொடக்கம் ஆகப்போகிறது என்றால் விஎம்மை முதலில் மூடிவிடுங்கள். உறைந்த நிலையில் சேமித்து வைத்த மெஷினை, விர்ச்சுவல்பாக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றிய பிறகு எழுப்ப முயன்றால் சில சமயம் எழாது. அதனால் விர்ச்சுவல்பாக்ஸை அப்டேட் செய்யும் முன் ஒவ்வொரு மெஷினையும் முழுக்க அணையுங்கள். சிடியிலிருந்து கெஸ்ட் அடிஷன்ஸ் போட்டவர்கள், அப்டேட் முடிந்த பிறகு 8-ஆம் படியில் சொன்ன அந்த சிடியை மறுபடி ஒரு முறை இயக்குங்கள்.